சரி என்று சொன்னவர்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இந்த மாதிரித் தலைகீழெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. மேலப்பாளையத்துக்காரர். புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கலக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. சீடர் அருளப்பன், அதே ஆஸ்பத்திரியின் பொது மருந்தகத்தில் காலமெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயரோடுதான் இங்கே மாற்றலாகி வந்தார்.

வந்த புதிதில் அவருக்கு இந்த அறையைப் பார்த்தால் சிரிப்பாக இருந்தது. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை. முழங்காலைத் தாண்டும் அங்கி. மருந்தைக் கலப்பது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். கை மட்டும் உள்ளே போகும், மூஞ்சி வெளியே நிற்கும்.

"மருந்துதான மேடம்? வெடிகுண்டா என்ன?" என்று கேட்டார்.

"நோயாளிக்கு மருந்து, அண்ணாச்சி. தினமும் தொடுத நமக்கு வெடிகுண்டுதான்" என்றார் ரஹ்மத் நிஷா. அவர் சிரிக்கவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. கலப்பவர் மருந்தை சிரிஞ்சில் இழுத்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். சிரிஞ்சைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "சரியா இருக்கா?" என்று கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் டாக்டரின் சீட்டைப் பார்த்து, சிரிஞ்சின் கோட்டைப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகே மருந்து சலைன் பைக்குள் போகும். போன பிறகு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. அதுவும் தண்ணீர் மாதிரி இருக்கும், இதுவும் தண்ணீர் மாதிரி இருக்கும்.

முதலில் அருளப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் பார்த்தார். ஒருமுறை சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழைக் கண்டுபிடித்து ஊரையே கூட்டினார். ஆனால் ரஹ்மத் நிஷா எடுக்கும் அளவு ஒருநாளும் பிசகவில்லை. போகப்போக சிரிப்பு போய் மரியாதை வந்தது. மரியாதை முற்றிப் பக்தியாகிவிட்டது. கேன்டீனில் டீ குடிக்கும்போதுகூட, "எங்க மேடம் கை தராசு மாதிரி" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுச் சலித்தவர்கள் டம்ளரோடு அடுத்த மேசைக்கு நகர்ந்துகொள்வார்கள்.

அன்று கோமதிக்கு மருந்து ஏற்ற வேண்டும். கோமதி சங்கரன்கோவிலில் இட்லிக் கடை நடத்துபவர். கர்ப்பப்பை வாயில் புற்று. மறுநாள் காலையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மருந்து ஏறியதும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று விடிந்ததுமே வந்து வார்டில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே காய்ச்சலால் ஒரு முறை தள்ளிப்போயிருந்தது. இனிமேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த மருந்தின் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அறையில் ஒரு ஆளுக்குத்தான் மிச்சம் இருந்தது. அளவு கூடினால் சிறுநீரகம் கெடும். குறைந்தால் புற்றுக்கட்டிக்குக் கொண்டாட்டம்.

ரஹ்மத் நிஷா மருந்தை இழுத்தார். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தார்.

"சரியா இருக்கா?"

"சரி."

மருந்து பைக்குள் போயிற்று. சிரிஞ்ச் கழிவு டப்பாவுக்குள் போயிற்று. லேபிள் எழுத அருளப்பன் பேனாவைத் திறந்தார்.

"அளவு எவ்வளவு மேடம்?"

ரஹ்மத் நிஷா திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான சரின்னு சொன்னீங்க?"

"ஆமா."

"என்னத்தப் பாத்துச் சொன்னீங்க?"

அருளப்பன் கூச்சத்தோடு சிரித்தார். "உங்களைப் பாத்துத்தான் மேடம்."

பாவம், அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ரஹ்மத் நிஷா பையை ஓர் உறையில் போட்டு வாயை அடைத்தார். எடுத்துப்போய் மஞ்சள் கழிவுத் தொட்டிக்குள் போட்டார்.

"மேடம்! என்ன செய்யுதீங்க? அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்க!"

"தெரியும்."

"குப்பியில அடியில மிச்சம் இருக்குல்லா? அதை அளந்து கழிச்சா எவ்வளவு எடுத்தீங்கன்னு தெரிஞ்சிருமே?"

"கம்பெனிக்காரன் குப்பியில கொஞ்சம் கூடத்தான் ஊத்துவான். எவ்வளவு கூடன்னு யாரு கண்டா?"

அவர் மருந்துக் கிடங்குக்குப் போன் செய்தார். புதுக் குப்பி மறுநாள் காலையில்தான் வரும் என்றார்கள்.

"கோமதியம்மாட்ட மருந்து வரலன்னு சொல்லிருதேன்" என்றார் அருளப்பன்.

"கொட்டிட்டோம்னு சொல்லுங்க."

"மேடம்…"

"கொட்டிட்டோம்னு சொல்லுங்க, அண்ணாச்சி. நானும் கூட வாரேன்."

இருவரும் கையுறைகளையும் அங்கியையும் கழற்றிப் போட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனார்கள். அருளப்பன் விஷயத்தைச் சொன்னார். தப்பு தன் பேரில்தான் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

கோமதிக்கு முதலில் பிடிபடவில்லை.

"கெட்டுப்போன மருந்தாய்யா?"

"இல்லம்மா. அளவை நான் பாக்காம விட்டுட்டேன்."

"அவ்வளவுதானா? கோமதியம்மன் மேல பாரத்தைப் போட்டு ஏத்தி விடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"கொட்டியாச்சும்மா."

கோமதி அழுதார். "அவ அப்பனும் இல்ல. நானும் இல்லாம யாரு தட்டு மாத்துவா?" என்று வார்டே கேட்க அழுதார். ரஹ்மத் நிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோமதி அந்தக் கையை உதறினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டார். "நாளைக்கு நீயும் மதினியும்தாண்ணே முன்னால நிக்கணும்" என்றார்.

திரும்பி வந்து அறைக்கதவைச் சாத்தியதும் அருளப்பன் வெடித்தார். பக்தியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"நான் பாக்கல. என் தப்புதான். ஆயுசு பூரா திட்டுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா மருந்தை எடுத்தது நீங்கல்லா? நீங்க அளக்காமலா எடுத்தீங்க? பெத்தவ ஒருத்தி மக நிச்சயத்துக்குப் போக முடியாம அங்க அழுதுக்கிட்டுக் கெடக்கா. என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க மேடம்."

ரஹ்மத் நிஷா புதிய கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. அடுத்த நோயாளிக்கான மருந்து தட்டில் தயாராக இருந்தது.

"என்ன உண்மை?" என்று கேட்டார்.

"அந்த மருந்து சரியாத்தான இருந்துச்சு?"

ரஹ்மத் நிஷா இரண்டாவது கையுறையையும் மாட்டி, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார்.

"அதைத்தான அண்ணாச்சி நான் உங்ககிட்ட கேட்டேன்."