வெட்டுவாயும் விளைந்த வயலும்

வாருங்கள், தள்ளி உட்காருங்கள். வெளியே மழை கொட்டுகிறதே, அதற்கேற்ற கதை ஒன்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை வையாதீர்கள். இது சிரிக்கிற கதை இல்லை.

ஆறுகள் கேட்பாரில்லாமல் ஓடிய காலத்தில், நெட்டாற்றங்கரையில் கீழ்மங்கலம் என்றொரு ஊர் இருந்தது. ஊர்த் தலைவர் திருமேனியார். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதல் மடை அவர் வயலுக்குத்தான். மற்ற வயல்கள் வெடித்துக் கிடந்தாலும், அவருடையது நிறைந்த பிறகுதான் அடுத்த மடை திறக்கும்.

சும்மா கொடுப்பார்களா? அதற்கொரு கட்டுப்பாடு உண்டு. வெள்ளம் கரை முட்டினால், அவர் வயலுக்கு நேரே கரையை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டு ஊரைக் காக்க வேண்டும். அந்த இடத்துக்கு வெட்டுவாய் என்று பேர். முதல் வெட்டு தலைவர் கையால்தான் விழ வேண்டும். வேறு யார் தொட்டாலும் தெய்வக் குற்றம். பாட்டன் வெட்டினார், அப்பன் வெட்டினார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. திருமேனியார் வயலில் அறுப்புக்கு நாலே நாள். பாவி மனம் கேட்குமா?

கரைகாவலன் இருளப்பன் ஓடி வந்தான். "ஐயா, தண்ணி ஆலமரத்து வேரைத் தொட்டுடுச்சுங்க. மண்வெட்டியை எடுங்க."

"போடா, நாளைக்கு வெயில் அடிக்கும்."

மறுநாளும் வந்தான். "ஐயா, படித்துறை முழுகிடுச்சுங்க."

"கதிரைப் பாத்தியாடா? தங்கமா நிக்குது. ஒரு நாள் பொறு."

மூன்றாம் நாள் மண்வெட்டியை அவர் காலடியில் வைத்து அழுதான். "ஊரை ஒட்டுன கீழக்கரை கசியுதுங்க. ஊருக்குள்ள புள்ளகுட்டிங்க இருக்குதுங்க."

திருமேனியார் எடுத்தார். வெட்டுவாய்க்குப் போனார். கையை ஓங்கியும் விட்டார். கண் வயல் பக்கம் போனது. கை இறங்கவில்லை.

"மழை விடுற மாதிரி இருக்குடா. இன்னும் ஒரு நாழிகை பாப்போம்."

இருளப்பன் அதற்கு மேல் கெஞ்சவில்லை. வைக்கோல் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கசிவை அடைக்கக் கீழக்கரைக்கு ஓடினான். அந்த ஒரு நாழிகைக்குள் கீழக்கரை உடைந்தது.

ஊர் போயிற்று. மண்சுவர் கரைந்தது, தொழுவத்து மாடு கட்டிய கட்டிலேயே செத்தது, எத்தனையோ தொட்டில் மிதந்து போனது. இருளப்பன் கிடைக்கவே இல்லை. அவன் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் ஒரு முள்மரத்தில் மாட்டிக் கிடந்தது. தப்பியவர்கள் திருமேனியார் வயல் ஓரமாகவே மேட்டு நிலத்து ஊர்களுக்கு நடந்து போனார்கள். அவரை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை!

நாலாம் நாள் வெயில் அடித்தது. வெள்ளம் கிழக்கே வடிந்ததால் அவர் வயலில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. அரிவாளோடு வரப்பில் நின்று ஆளைக் கூப்பிட்டார். யார் இருக்கிறார்கள் வர? நெல் முற்றி உதிர்ந்தது, குருவி தின்றது.

கோடையில் அந்த வழியாகப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆறு வறண்டு கிடந்தது. திருமேனியார் மட்டும் தன்னந்தனியாக வெட்டுவாயை வெட்டிக்கொண்டே இருந்தாராம்.

ஊர் தருகிற முதல் நன்மையை வாங்குகிறவன், ஊருக்கு வருகிற முதல் இழப்பையும் தானே தாங்க வேண்டும்.