தங்கக் கொக்கு மார்க் கோட்டு

ஒரு ஊர்ல, அதுவும் சட்டையைக் கழட்டினாலும் வேர்க்கிற ஊர்ல, ஒரு தாய்மாமன் இருந்தானாம். பேரு சடையப்பன். ம் கொட்டு கண்ணு.

ம்.

அவனுக்குக் குளுருன்னாலே ஆகாது. ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெச்சாப் போதும், பல்லு கிடுகிடுன்னு அடிக்கும், துண்டு தலைக்கு ஏறிடும். அப்படியாப்பட்டவனோட அக்கா பூவாத்தாளை எங்க கட்டிக் குடுத்தாங்க தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கம்! பஸ்ஸு அடிவாரத்தோட நின்னுடும். அப்புறம் கணவாய் வழியா நடைதான். மார்கழி வந்துட்டா அந்தக் கணவாய்ல ஊதக்காத்து வந்து உக்காந்துக்கும். போறவங்க வர்றவங்க யாரையும் விடாது.

அப்போ ஒரு நாள் அக்கா போன் பண்ணினா. "தம்பி, வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தறம். மாமன் மடியிலதான் உக்கார வெக்கோணும். வந்துருவியல்ல?"

பின்னாடியே ஒரு குரல். அக்கா வூட்டுக்காரரோட அண்ணன் நாச்சிமுத்து. "அவனா? இந்தக் குளுருல எங்க வரப்போறான்? எம்மடி சும்மாத்தான இருக்குது, நானே வெச்சுக்கறன்!"

சடையப்பனுக்குச் சுருக்குன்னு தெச்சுடுச்சு. அக்காவுக்கு அவன் ஒரே தம்பி. அந்தப் பாப்பா அவனுக்கு மொதல் மருமக. அவ இன்னொருத்தர் மடியில உக்காந்து காது குத்திக்கிறதா? விடுவானா? ஆட்டுக்கிடாவை வித்தான், சீர் பையில கம்மலும் அதிரசமும் எடுத்துக்கிட்டான், பொறப்பட்டுட்டான்!

அடிவாரத்துல ஒரே ஒரு கோட்டுக் கடை. கடைக்காரம்மா பேரு ரங்கநாயகி. இவன் போனதும், "இருக்கறதுலயே மலிவா ஒண்ணு குடுங்க்கா"ன்னான். அந்தம்மா பஞ்சு திணிச்ச கோட்டு ஒண்ணை எடுத்துப் போட்டு, "இது வாசல்ல நின்னு டீ குடிக்கத் தாங்குமுங். கணவாய்க்குத் தாங்காது"ன்னு சொன்னாங்க. இவன் காதுலயே வாங்கலை. போட்டுக்கிட்டு ஏறினான். பாதி வழியில ஊதக்காத்து உஸ்ஸ்ஸ்னு எந்திரிச்சுது.

"யார்றா அது?"

"நான்தான் தாய்மாமன்! காது குத்தப் போறேன்!"

"மொதல்ல உன் காதைப் பாரு!"ன்னுட்டு மூடுபனியை அள்ளி மேல வீசிச்சு. கோட்டு சொதசொதன்னு நனைஞ்சு போச்சு. பஞ்செல்லாம் தண்ணி குடிச்சு கல்லு மாதிரி கனக்குது. பாவம், நடக்க முடியலை. திரும்பி வந்துட்டான். தூங்கிட்டியா கண்ணு?

ம்ஹூம்.

சபாஷ். மறுநாள் மறுபடியும் கடைக்குப் போனான். அங்க கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரு கோட்டு பளபளன்னு தொங்குது. கழுத்துல புசுபுசுன்னு மயிரு, நெஞ்சு பூரா பட்டன். போட்டுப் பார்த்தான். ஐய்யோ, சினிமா கதாநாயகன் கெட்டான் போ! "அது போட்டோ எடுக்கற கோட்டுங் தம்பி. அந்தப் பட்டனெல்லாம் அழகுக்கு வெச்சது, மாட்ட ஓட்டையே கிடையாது"ன்னாங்க ரங்கநாயகி. இவன் கண்ணாடியை விட்டு நகர்ந்தாத்தானே கேக்கும்?

ஏறினான். உஸ்ஸ்ஸ்! "யார்றா அது?" "தாய்மாமன்! நேத்து வந்த அதே தாய்மாமன்!" காத்து வாயைக் குவிச்சு ஒரே ஊது. கோட்டு ரெண்டு பக்கமும் கதவு மாதிரி படார்னு தொறந்துகிச்சு! இவன் இழுத்து இழுத்துப் பிடிக்கிறான், அது படார் படார்னு அடிக்குது. வயிறு வரைக்கும் குளுரு. அன்னைக்கும் நடுங்கிக்கிட்டே கீழ வந்தான். அவனுக்கு அழுகையே வந்துடுச்சு. விடிஞ்சா வெள்ளிக்கிழமை!

அப்புறம் என்ன பண்ணினான்? கையில மிச்சம் இருந்ததை எல்லாம் வழிச்சுக் குடுத்து, "இருக்கறதுலயே ஒசந்த கோட்டைக் குடுங்க்கா"ன்னான். ரங்கநாயகி உள்ள போய்ப் பூப்போல ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாங்க. தங்கக் கொக்கு மார்க்! மலையேறிப் போற பெரிய பெரிய ஆளெல்லாம் போடுறது. பனி ஒட்டாது, காத்து நுழையாது. "இந்தாங், இது உங்க அளவு"ன்னாங்க.

"இதுவா? இன்னும் பெருசா குடுங்க்கா!"

"எதுக்குங் தம்பி?"

"இத்தனை காசு போடறேன். நாளைக்கு உடம்பு வெச்சாப் போட வேண்டாமா? நாலு வருசம் வரோணுமல்ல!"

பெருசுன்னா அப்படிப் பெருசு கண்ணு! உள்ள இன்னொரு சடையப்பன் குடியிருக்கலாம். கை விரலெல்லாம் காணாமப் போச்சு. கோட்டுக் கையில தெச்சிருந்த கொக்கு லேபிளையும் வெட்ட விடலை. நாச்சிமுத்து பார்க்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை விடியக்காத்தால ஏறினான். ஊதக்காத்து பார்த்துச்சு. "அடேயப்பா! எம்மாம் பெரிய கோட்டு! நானும் உள்ள வரட்டுமா?"ன்னு கேட்டுக்கிட்டே அடியில பூந்துடுச்சு! கோட்டு புஸ்ஸ்ஸ்ஸுன்னு உப்புது, உப்புது, பலூனாட்டம் உப்புது, சடையப்பன் காலு ரெண்டும் தரையை விட்டு ஜிவ்வுன்னு கெளம்பிடுச்சு! "ஐயோ, அக்கா! நான் வேற பக்கம் போறேன்!"னு கத்துறான். ஒரு காட்டு மரம் குறுக்க வந்துது. லபக்குன்னு கிளையைப் பிடிச்சுக்கிட்டான்.

அங்க தொங்கிக்கிட்டே யோசிச்சான். கோட்டுத் துணியில குளுரலை. கோட்டுக்கும் எனக்கும் நடுவுல இருக்கற எடத்துலதானே குளுருது? அட மடையா சடையப்பா, காத்துக்கும் சேர்த்தில்ல அளவெடுத்துட்ட!

மெல்ல எறங்கினான். தலைத்துண்டை எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டினான். கையைச் சுருட்டி விட்டு, அதிரசப் பொட்டலத்துச் சணலைப் பிரிச்சு ரெண்டு மணிக்கட்டுலயும் சுத்தினான். பொட்டலம் பிரிஞ்சுதா, வாய் சும்மா இருக்குமா? ரெண்டு அதிரசம் உள்ள போச்சு. காத்து சுத்திச் சுத்தி வருது. கீழ பார்த்துச்சு, அடைச்சிருக்கு. கையைப் பார்த்துச்சு, அடைச்சிருக்கு. கழுத்துக்குப் போச்சு, அங்கயும் பட்டன்!

"நான் உள்ள வர வழியை விடுறா!"ன்னுச்சு காத்து.

"வழியெல்லாம் கிடையாது, அதிரசம் வேணா இருக்குது!"ன்னுட்டு ஓடினான் பாரு, திடுதிடுதிடுன்னு!

அங்க ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தாச்சு. "நேரம் போகுதுங், மாமன் எங்க?" நாச்சிமுத்து ஜம்முன்னு பாயில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. பூவாத்தா பாப்பாவை இறுக்கிக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கறா, கண்ணு பூராத் தண்ணி. அப்போ வாசல்ல ஒரு சத்தம்.

"மச்சான்! எந்திரீங்! அது என்ற எடம், மாமன் எடம்!"

"எந்தம்பி வந்துட்டான்!"னு பூவாத்தா கத்தின கத்துல கூரைக் குருவியெல்லாம் பறந்துடுச்சு. மொட்டைத் தலையில சந்தனம் பூசின பாப்பா மாமன் மடியில பொத்துனு உக்காந்துச்சு. இந்தக் காதுல சுருக், அந்தக் காதுல சுருக். வீல்ல்ல்னு ஒரே அழுகை! சடையப்பனுக்கும் கண்ணு கலங்கிப் போச்சு.

நாச்சிமுத்து கோட்டைத் தடவிப் பார்த்தாரு. "தங்கக் கொக்கா? காசு ரொம்ப ஆயிருக்குமே மாப்ள. அத்தனை காசுக்குத் தகுமா?"

இவன் பதில் சொல்ல வாயைத் தொறந்தான். அப்போ மடியில சர்ர்ர்ர்ர்!

"ஐயோ, புதுக் கோட்டு! கழட்டு தம்பி, அலசிடறேன்"னு அக்கா ஓடி வர்றா. சடையப்பன் குனிஞ்சு மருமகளைப் பார்த்தான். அது அழுகையை நிறுத்திட்டு மாமன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்குது. அவன் இன்னும் இறுக்கி அணைச்சுக்கிட்டான்.

"விடுக்கா, கழட்ட மாட்டேன். மச்சான், காசுக்குத் தகுமான்னு கேட்டீங்கல்ல? இப்பத்தானுங் தகுது! என்னா கதகதப்பு!"

கோட்டைக் கொடியில போட்டாச்சு, கதையைக் காதுல போட்டாச்சு. போர்வையை இழுத்துக்கோ கண்ணு, தூங்கு.