ஆல்ஃபா கிடைக்கவில்லை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபது கடந்துவிட்டது.

குருவின் பெயர் பெனிட்டா. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை மதியங்களில் கணினி அறையைத் திறந்துவைத்து, விரும்பி வருகிறவர்களுக்கு ஆர் என்ற நிரல்மொழியைக் கற்றுத் தருவார். எண்களைக் கொடுத்தால் கணக்குப் போட்டு, வரைபடமும் வரைந்து தருகிற மொழி அது.

சீடர் வைரவன். சிமெண்ட் ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெனிட்டா எதைச் சொன்னாலும் எழுந்து நின்றுதான் கேட்பார். உட்காருங்க சார் என்று சொல்லிச் சொல்லிப் பெனிட்டாவுக்கு அலுத்துப்போனது.

வைரவன் கற்க வந்தது ஒரே ஒரு வரைபடத்துக்காக. அவர் மனைவி உமையாளுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டன. பேச்சு மட்டும் குழம்பிப்போயிருந்தது. சீப்பு என்று நினைப்பார், ஜன்னல் என்று வாயில் வரும். தினமும் காலையில் வைரவன் பட அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பார். தவறினால் திருத்துவார். சரியான விடைகளைக் கூட்டி வாரத்துக்கு ஒரு புள்ளி வைப்பார்.

புள்ளிகள் முதலில் ஏறின. அந்த ஏற்றத்துக்குப் பொருந்துகிற சூத்திரம் ஒன்றையும் அவர் பிடித்துவைத்திருந்தார். ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகள் வருகிற சூத்திரம். அதன்படி உமையாளின் கோடு மேலே போய்க்கொண்டே இருக்கும், ஒருநாள் நிறைவைத் தொட்டுவிடும். அந்தச் சூத்திரத்தையே வரைபடத்தின் தலைப்பாகப் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆனால் புள்ளிகள் இறங்கத் தொடங்கின. ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அட்டைகளைக் கண்டாலே உமையாள் வாயை மூடிக்கொண்டார். பிறகு அட்டைகள் இல்லாத வேளைகளிலும் மூடிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை வீட்டில் துணைக்கு ஆளில்லை. வைரவன் மனைவியையும் அழைத்து வந்தார். பெனிட்டா அவருக்கு நாற்காலி போட்டு, கேன்டீனிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார். உமையாள் ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது. பெனிட்டாவைப் பார்த்து, "மழை... நல்ல மழை" என்றார்.

"மழை இல்ல உமையா, டீ. எங்க சொல்லு, டீ," என்றார் வைரவன். அன்பாகத்தான் சொன்னார்.

உமையாள் டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு பேசவில்லை.

பெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தார்.

வைரவன் கணினி முன் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ளி ஏன் இறங்குது மேடம்? நான் எங்க தப்பு பண்றேன்?"

"முதல்ல தலைப்பைப் போடுங்க சார்," என்றார் பெனிட்டா.

வைரவன் சூத்திரத்தை அப்படியே தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஆல்ஃபா கிடைக்கவில்லை.

"நான் அதைத் தேடச் சொல்லவே இல்லையே."

"எதைக் கொடுத்தாலும் அதுக்குக் கணக்குதான் சார். ஆல்ஃபாவுக்கு என்ன மதிப்புன்னு உடனே தேடப் போயிடுது. கிடைக்கலைன்னதும் தப்புங்குது."

வைரவன் சூத்திரத்தை மேற்கோள்குறிக்குள் போட்டுப் பார்த்தார். இந்த முறை தப்பு என்று வரவில்லை. ஆனால் கிரேக்க எழுத்து வரவேண்டிய இடத்தில், ஆல்ஃபா என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில் நீளமாக வந்து நின்றது. எழுத்தின் தோளில் ஏறி நிற்கவேண்டிய அடுக்கு எண்ணும் வரிசையோடு கிடந்தது.

"இது சூத்திரம் மாதிரியே இல்லையே மேடம்."

"இப்ப அது பார்க்கவே இல்ல. தட்டினதை அப்படியே ஒட்டிடுச்சு."

பெனிட்டா குனிந்து மேற்கோள்குறிகளை அழித்தார். முன்னால் எக்ஸ்பிரஷன் என்று ஒரு சொல்லைத் தட்டி, சூத்திரத்தை அடைப்புக்குறிக்குள் வைத்தார். படம் புதிதாக விரிந்தது. ஆல்ஃபா தன் வளைவோடு வந்திருந்தது. பீட்டா வந்திருந்தது. அடுக்கு சின்னதாக, தன் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

வைரவன் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப அதுக்கு ஆல்ஃபாவோட மதிப்பு தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி எழுதுச்சு?"

"விடை தேட வேண்டாம்னு சொன்னேன். எப்படி இருக்கோ அப்படிப் பார்த்து எழுதினா போதும்னு சொன்னேன்."

வைரவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். உமையாள் எரியாத திரை ஒன்றில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புள்ளி ஏன் இறங்குகிறது என்று முதலில் கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

மறுநாள் காலையில் அவர் அட்டைகளை எடுக்கவில்லை. கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உமையாள் பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "ரயில்ல உப்பு" என்றார்.

திருத்துகிற சொல் வைரவனின் நாக்கு நுனிவரை வந்தது. ரயிலா, வெயிலா, உப்பா, உடுப்பா என்று மனம் ஓடியது. அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உமையாள் அவர் முகத்தைப் பார்த்தார். திருத்துவதற்காகக் காத்திருந்தார்.

"எனக்குப் புரியல உமையா," என்றார் வைரவன். "நீ சொல்லு."

உமையாள் சொன்னார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தடையில்லாமல். ரயில் வந்தது, உப்பு வந்தது, யாரோ ஒரு சின்னவன் வந்தான், ஒரு கதவு பல முறை வந்தது. ஓரிடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார், வைரவனும் சிரித்தார். ஓரிடத்தில் உமையாள் அவர் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வாளியில் பிழிந்துவைத்த துணி அப்படியே கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை வைரவன் தனியாக வந்தார். வரைபடத்தைத் திறந்தார்.

"இந்த வாரம் அட்டை காட்டவே இல்ல மேடம். என்ன எண் போடட்டும்?"

"ஒண்ணும் போட வேண்டாம். காலியா விடுங்க."

"கோடு அந்த இடத்துல அறுந்துபோகுமே."

"போகட்டும் சார்."

அவர் காலியாக விட்டார். கோடு அறுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பேசினாங்களா?" என்று கேட்டார் பெனிட்டா.

"பேசினா. ரொம்ப நேரம் பேசினா."

"பேசறப்ப எப்படி இருந்தாங்க?"

வைரவன் சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. கையைத் தூக்கிக் காற்றில் எதையோ காட்டப் பார்த்தார். கை பாதியில் நின்றது.

பெனிட்டா சொல் எடுத்துக்கொடுக்கவில்லை. தன் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, காத்திருந்தார்.