சத்தம் விழுங்கிய வாழைநார்

ஒரு காலத்தில் ஒரு வாழைநார் இருந்தது. அதற்குப் பயம் அதிகம்; வாய் அதைவிட அதிகம்.

குலை வெட்டியபின் தோட்டத்தில் சாய்த்துப்போட்ட மரத்திலிருந்து அதை உரித்து, சத்தம் தடுக்கும் பலகை செய்கிற பட்டறையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கே தேங்காய் நாரும் கரும்புச் சக்கையும் ஏற்கெனவே குவிந்து கிடந்தன.

“நாங்க பூக்கட்டுற குலம். உங்களோட எல்லாம் கலக்க வேண்டியதாப் போச்சு” என்றது வாழைநார்.

“பூவோட சேர்ந்தாத்தான் நார் மணக்கும். இப்ப குப்பையோட சேர்ந்திருக்கே, பேசாமக் கிட” என்றது தேங்காய் நார்.

பட்டறைக்காரி செவத்தாள் எல்லாவற்றையும் அலசிக் காயவைத்தாள். ரப்பர் பாலில் பிசறி, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். ரொம்பவும் இறுக்கவில்லை. உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால்தான் சத்தம் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி அங்கேயே அடங்கும் என்பது அவள் அனுபவம்.

பிறகு சோதனை. ஒரு பெட்டிக்குள் அலாரக் கடிகாரத்தை அலறவிட்டு, பெட்டியின் வாயைப் பலகையால் மூடுவாள். சத்தம் வெளியே கசிந்தால் அந்தப் பலகை நேராக அடுப்புக்குப் போகும்.

வாழைநாருக்கு முன்னால் போன பலகை கசிந்தது. அது படபடவென்று எரிந்ததை வாழைநார் பார்த்தது. சத்தம் வெளியே போனால் நெருப்பு என்று அதன் மனத்தில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது. தன் முறை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலாரத்தை விழுங்கித் தேறியது.

பலகை வாங்கத் தணிகாசலம் என்கிறவர் வந்தார்.

“பாட்டு ரூமுக்குங்களா?” என்று கேட்டாள் செவத்தாள்.

“இல்லம்மா, வீட்டுல ஒரு ரூமுக்கு. உள்ள எவ்வளவு கத்துனாலும் கூடத்துக்குக் கேக்கக் கூடாது.”

அவள் பலகைகளை எண்ணி வண்டியில் ஏற்றிவிட்டாள்.

அந்த அறையில் தணிகாசலத்தின் அப்பா படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. “தணிகா... தணிகா...” என்று பகலெல்லாம் கூப்பிடுவார். சுவர் முழுக்கப் பலகை அடித்தார்கள். கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தை மூடியது வாழைநாரின் பலகை. அதன்பின் கிழவரின் குரல் அறையைத் தாண்டவில்லை.

“இது அலாரம் இல்லப்பா, மனுசக் குரலு” என்றது தேங்காய் நார்.

“எல்லாச் சத்தமும் ஒண்ணுதான். விழுங்குறது நம்ம வேலை” என்றது வாழைநார். சொல்லிவிட்டதே தவிர, அடுப்பில் எரிந்த பலகை அதன் நினைவைவிட்டுப் போகவில்லை.

பேத்தியின் நிச்சயதார்த்தம் வந்தது. கூடம் நிறையச் சனம். அறையில் கிழவர் தண்ணீர்ச் செம்பை எட்டப்போய்க் கட்டிலிலிருந்து குப்புற விழுந்தார்.

“தணிகா... யாராவது வாங்களேன்...”

தேங்காய் நார் பதறியது. “நம்ம பலகையில பசை விட்டுப்போச்சு. முனையைப் பிடிச்சிருக்கறது நீ ஒருத்தன்தான். நீ விட்டா ஒரு விரக்கடை சந்து விழும். கூடத்துல ஒருத்தர் காதுல கேட்டாப் போதும், ஓடி வந்துருவாங்க!”

“நம்மளப் பிடுங்கி அடுப்புல போட்டுருவாங்க.”

“போட்டாப் போடட்டும்! அந்த மனுசன் சாகுறாருய்யா!”

“நீ சொல்லுவே. முனையில இருக்கறது நான்தானே? கொஞ்ச நேரத்துல யாராவது சோறு கொண்டு வருவாங்க, பாரு.”

பயந்தவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்? வாழைநார் முனையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டது. குரல் ஒவ்வொரு முறையும் சிறுத்துச் சிறுத்து வந்தது. வெளியே தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விழுங்குவதற்கு ஒன்றும் வரவில்லை.

வாழைநாருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்ததும் அதற்குத் தன்மேலேயே பயம் வந்தது.

“தூக்கத்துலயே போயிட்டாருங்க. ஒரு சத்தம் இல்ல” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் தணிகாசலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பலகையை யாரும் பிடுங்கவில்லை. தேங்காய் நார் மட்டும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

மழைக்காலத்தில் கதவு நிலை வழியாகக் கரையான் ஏறியது. தேங்காய் நாரைக் கொறித்துப் பார்த்துவிட்டு, ருசிக்காமல் ஒதுக்கியது. வாழைநாரை அடியிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

“ஐயோ, யாராவது வாங்களேன்!” என்று வாழைநார் இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கத்தியது.

பக்கத்துப் பலகைக்கு அது தெளிவாகக் கேட்டது. ஒரு துளி சிந்தாமல் விழுங்கிக்கொண்டது. அதற்கும் பயம்தான்.