சுவரோர மானிட்டர்

"குரு, எந்த மானிட்டர் வாங்கட்டும்?"

ஜெசிந்தா கேட்டாள். குருவி மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள்.

தூத்துக்குடி மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு பேச முடியாது. பேசினால் எதிரில் இருப்பவர் மேலெல்லாம் தூள். அதனால் காத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் குருவி தின்னும் நிதானம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தனிப் பொறுமை வேண்டும்.

குருவி என்பது விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட பேர். வீட்டில் இசக்கியம்மாள். வயது இருபது. பெரிய பெரிய போட்டிகளில் ஆடியவள். மணிக்கட்டு கெட்டுப்போய், இப்போது தன் மாமாவின் கேமிங் சென்டரில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பையன்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுக் குரு, குரு என்றார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. கிண்டல் எப்போதோ போய்விட்டது. குரு நின்றுவிட்டது.

சிஷ்யைக்கு இருபத்தேழு. குருவைவிட மூத்தவள். பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. சாயந்திரமானால் இங்கே வந்து துப்பாக்கி விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட டீமில் அவள் ஒருத்திதான் பெண்.

குருவி ஒருவழியாக வாயைத் துடைத்தாள்.

"யக்கா, இப்ப உங்களுக்கு என்ன கொறை?"

"என் ஸ்க்ரீன் லேட்டா காட்டுது. எதிராளு கண்ணுக்குத் தெரியதுக்குள்ள நான் செத்துருதேன். எல்லா ரவுண்டுலயும் முதல்ல சாகுறது நான்தான்."

"சரி."

"என்ன சரி? டெரன்ஸ் என்ன சொல்லிட்டான் தெரியுமா? ஞாயித்துக்கெழம மேட்ச்ல யாரு அதிகமா முதல்ல சாகுதாங்களோ, அவங்க டீம விட்டு வெளியவாம். என் பேரைச் சொல்லல. அது ஒண்ணுதான் பாக்கி."

அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் சரக்குக்குக் காவல். வீட்டில் கல்யாணப் பேச்சு. அவள் அவளாக இருப்பது இந்த டீமில் மட்டும்தான். அதிலிருந்தும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்?

டெரன்ஸ்தான் கேப்டன். கெட்டவன் இல்லை. தான் நல்லவன் என்பதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அவ்வளவுதான்.

சென்டரில் ஐந்து மேசை வரிசையாக இருக்கும். எல்லாம் பழைய மானிட்டர்கள். வினாடிக்கு அறுபது படம் காட்டும் சாதாரண ரகம். ஒரு நாள் புதிதாக ஒன்று வந்து இறங்கியது. வினாடிக்கு இருநூற்று நாற்பது படம் காட்டுமாம். அதை நடு மேசையில் வைத்த அன்றைக்கே டெரன்ஸ் போய் உட்கார்ந்துவிட்டான். தன் பேரை ஸ்டிக்கர் அடித்து அதன் நெற்றியில் ஒட்டியும்விட்டான்.

"பட்டு மாதிரி ஓடுது மக்கா!" என்று தினமும் ஒரு தடவை சொல்லுவான். கேட்கிறவன் வயிறு எரியும்.

சட்டம் வேறு போட்டான். 'நான் சொல்வதை மற்றவன் கேட்கணும்' என்று சொல்லக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, சட்டத்தை மேசையின் பேரில் போட்டான்.

"நடு மேசை சொல்லும். மத்த மேசை கேக்கும்."

ஜெசிந்தாவுக்குச் சுவரோர மேசை. அங்கே இருப்பது பழசிலும் பழசு.

"தெரியும் குரு," என்றாள் அவள். "திறமை இருந்தா எதுல ஆடுனா என்னன்னுதான் நீங்களும் சொல்லப்போறீங்க."

"நான் ஏன் சொல்லணும்? யாரு சொன்னா உங்ககிட்ட?"

"டெரன்ஸ்."

"எங்கன உக்காந்து சொன்னான்?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"நடு மேசையில."

குருவி அடுத்த மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைய பாடம் முடிந்தது.

*

பாடம் முடிந்ததே தவிர ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. புரியாதவர்கள் செய்வதை அவளும் செய்தாள். கடைக்குப் போனாள்.

புது மவுஸ். உடம்பெல்லாம் ஓட்டை போட்டு எடையைக் குறைத்தது. அதற்குக் கீழே விரிக்க மேசை அகலத்துக்கு ஒரு விரிப்பு. காது இரண்டையும் கவ்விப் பிடிக்கும் ஹெட்செட். எல்லாவற்றையும் சுவரோர மேசையில் பரப்பி, மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டு பயிற்சிக்கு உட்கார்ந்தாள்.

விளையாட்டில் ஒரு கதவு வந்தது. அந்தப் பக்கம் எதிராளிகள் பதுங்கியிருந்தார்கள்.

"லேடீஸ் ஃபர்ஸ்ட், ஜெசியக்கா!" என்றான் டெரன்ஸ். "நீங்க முன்ன போங்க."

எந்தக் கதவு வந்தாலும் அவன் இதைத்தான் சொல்லுவான். மரியாதையாகத்தான் சொல்லுவான். பையன்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுப் போவாள்.

போனாள். செத்தாள்.

அவளைச் சுட்டவன் எங்கே நிற்கிறான் என்று மற்ற நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. டெரன்ஸ் அவனைச் சுட்டுத் தள்ளினான். பையன்கள் கை தட்டினார்கள். புது ஹெட்செட்டில் அவளுடைய சாவுச் சத்தம் மட்டும் வெகு துல்லியமாகக் கேட்டது.

அவள் நேராகக் குருவியிடம் போனாள். போனை நீட்டினாள்.

"இது வளைஞ்ச மாடல். இது தட்டை. இது கறுப்பை நல்ல கறுப்பா காட்டுமாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. உங்க கையால ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. கடன் வாங்கியாவது எடுத்துருதேன்."

குருவி போனைப் பார்க்கவில்லை.

"நல்ல மானிட்டர் இங்கனயே இருக்குல்லா."

"எது?"

"நீங்க உக்காராதது."

"அது டெரன்ஸோடது."

"எங்க மாமா வாங்குனது. நான் யாருக்கும் எடுத்துக் குடுக்கலையே."

"அவன் பேரு ஒட்டியிருக்கு குரு!"

குருவி தன் விரல்களை விரித்து நகங்களைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவின் கையை இழுத்து, அவள் நகங்களையும் பார்த்தாள்.

"உங்களுக்கும் நல்லாத்தான் வளந்திருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. ஜெசிந்தா காலைப் பூசை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராக சென்டருக்கு வந்தாள். மற்ற யாரும் வரவில்லை.

நடு மேசையில் உட்கார்ந்தாள். நாற்காலி உயரமாக இருந்தது. இறக்கிக்கொண்டாள்.

ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள். 'ரன்ஸ்' சுலபமாக வந்துவிட்டது. 'டெ' மட்டும் அடம்பிடித்தது. அதையும் சுரண்டினாள்.

பையன்கள் வந்தார்கள். பார்த்தார்கள். தங்கள் மேசைகளில் உட்கார்ந்தார்கள். கடைசியாக டெரன்ஸ் வந்தான்.

"ஜெசியக்கா, எந்திரிங்க."

"மாட்டேன்."

கை வேர்த்தது. ஆனாலும் வாய் அதைச் சொல்லிவிட்டது. இவ்வளவு சின்ன வார்த்தையா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"என்ன, விளையாடுதீங்களா?"

"விளையாடத்தானே எல்லாரும் வந்திருக்கோம்."

பையன்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் நடித்தான்.

"அது என் மானிட்டர்!"

"பேரு ஒண்ணும் இல்லையே."

டெரன்ஸ் மானிட்டரின் நெற்றியைப் பார்த்தான். முகம் சிவந்தது.

"வேண்டாம் ஜெசியக்கா. இன்னைக்கு முக்கியமான மேட்ச். என்னைக் கோவப்படுத்தாதீங்க."

"எனக்கு இது கடைசி மேட்ச்னு நீதானே சொல்லாம சொன்ன? கடைசி மேட்ச நான் சுவத்தப் பாத்துக்கிட்டு ஆட மாட்டேன். நீ போய் அங்கன உக்காரு. திறமை இருந்தா எதுல ஆடுனா என்ன?"

டெரன்ஸ் குருவியின் பக்கம் திரும்பினான்.

"குரு! நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த!"

குருவி தன் வாயைச் சுட்டிக்காட்டினாள். வாய் நிறைய மக்ரூன்.

திரையில் எதிரணி தயார் என்று வந்துவிட்டது. டெரன்ஸ் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

முதல் கதவு வந்தது. ஐந்து பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். யாரும் நகரவில்லை. யாரும் பேசவுமில்லை.

எதற்காக நிற்கிறார்கள் என்று ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அட! நடு மேசை சொல்லும். மத்த மேசை கேக்கும்.

"டெரன்ஸு," என்றாள். "நீ முன்ன போ."

"நானா?"

"நடு மேசை சொல்லுது."

போனான். செத்தான். அவனைச் சுட்டவன் நின்ற இடம் ஜெசிந்தாவுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே சூடு. விழுந்தான்.

அடுத்த கதவு. அடுத்த கதவு. ஒவ்வொன்றிலும் டெரன்ஸ் முன்னால் போனான். ஒவ்வொன்றிலும் அவள் பின்னால் நின்று சுட்டாள்.

அடப்பாவி, இந்தச் சுகத்தையா இத்தனை நாள் தனியாக அனுபவித்தான்! நிஜமாகவே பட்டு மாதிரிதான் ஓடுகிறது!

"ஏய், இதுல ஒரு எழவும் தெரியல!" சுவரோரத்திலிருந்து கத்தினான் டெரன்ஸ். "ஆளு லேட்டா வாரான்! இந்த ஸ்க்ரீன் லேட்டா காட்டுது!"

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை வந்தது. அவர்கள் டீம்தான் முன்னிலை. யார் எத்தனை தடவை முதலில் செத்தார்கள் என்று திரையில் பட்டியல் வந்தது. ஒரு பையன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். முதல் பேரைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

ஜெசிந்தாவுக்கு ஒரு ஆசை. இருநூற்று நாற்பது என்ற அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் திரைக்கான செட்டிங்கைத் திறந்தாள்.

அறுபது என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அறுபதுதான்.

புது மானிட்டரை மேசையில் வைத்து வயரை மாட்டினால் மட்டும் போதாது. இருநூற்று நாற்பதில் ஓடு என்று கம்ப்யூட்டரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு அறுபதிலேயே ஓடும். யாரும் சொல்லவில்லை. டெரன்ஸும் சொல்லவில்லை. இத்தனை நாள் அவன் பட்டு, பட்டு என்றதெல்லாம் அறுபது. சற்று முன்பு அவள் பட்டு என்று நினைத்ததும் அறுபது. அந்தச் சுவரோர மானிட்டரும் அதே அறுபது.

திரும்பினாள். குருவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லலையே?"

"உக்காந்திருந்தவன் கேக்கலையே, யக்கா."

ஜெசிந்தா சுவரோரம் பார்த்தாள். டெரன்ஸ் சட்டை நுனியால் திரையைத் துடைத்துத் துடைத்து வைதுகொண்டிருந்தான்.

அவளுக்குக் கதவுகள் ஞாபகம் வந்தன. இதுவரை அவள் முதலில் நுழைந்த அத்தனை கதவுகளும். ஒவ்வொரு கதவிலும் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பும்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. நல்ல, சுத்தமான கோபம். அது வந்ததும் கை வேர்ப்பது நின்றுவிட்டது.

அறுபதின் மேல் அம்பை வைத்து, இருநூற்று நாற்பதுக்கு மாற்றினாள்.

திரை ஒரு தரம் கண்சிமிட்டியது. மவுஸை நகர்த்தினாள். அம்மாடி! இதுவரை பட்டு என்று நினைத்ததெல்லாம் சாக்கு.

"ஜெசியக்கா," டெரன்ஸின் குரல் இறங்கியிருந்தது. "அடுத்த பாதிக்கு மாறிக்கிடுவோம்க்கா. ப்ளீஸ். இங்கன உக்காந்தா நான்தான் முதல்ல சாகுதேன். இப்படியே போனா நான்தான் வெளிய."

"அது யாரு போட்ட சட்டம்?"

டெரன்ஸ் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. கதவு வந்தது. நாலு பேரும் நின்று நடு மேசைக்காகக் காத்திருந்தார்கள்.

ஜெசிந்தா முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

"கேப்டன் ஃபர்ஸ்ட், டெரன்ஸு," என்றாள். "வாசல் தொறந்துதான் இருக்கு. போ."