மூடியைத் திறந்து பார்த்தவர்

சங்ககிரிப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே குரு மங்கையர்க்கரசிக்கு வயது முப்பத்தாறு. சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்து மூன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார்.

அன்று காலைத் தியானத்தில் மூன்று முறை எழுந்து ஓடினார். திரும்பி வந்ததும் குருவின் முன்னால் ஒரு பையைக் கவிழ்த்தார். ஐந்து மருந்து டப்பாக்கள் உருண்டன.

"காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதுல இருந்து வயிறு என் பேச்சைக் கேக்கமாட்டேங்குதும்மா. இதெல்லாம் புரோபயாட்டிக். வயித்துக்கு நல்லது பண்ற கிருமிங்களாம். ஒண்ணுல ஐநூறு கோடி, இன்னொண்ணுல ஆயிரம் கோடி. எது நல்லது?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பயப்பட ஒண்ணுமில்ல, ஏதாவது ஒண்ணை ஒரு மாசம் சாப்பிடுங்கன்னார்."

"எத்தனை நாளாச்சு?"

"பதினஞ்சு நாள்."

"எதைச் சாப்பிடறீங்க?"

"அஞ்சையும் பார்த்தாச்சும்மா. மூணு நாளைக்கு ஒண்ணு."

குரு சிரிக்கவில்லை. சமையல்கட்டில் வேலையாக இருந்த செண்பகம் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதம்மா." அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். "இன்னும் இருபது நாள்ல மதுரையில என் பொண்ணுக்கு வளைகாப்பு. அவளுக்கு அம்மா இல்ல. நான்தான் போய் வளையல் போட்டுக் கூட்டிட்டு வரணும். அஞ்சு மணி நேரம் பஸ்ல, இந்த வயித்தை நம்பி எப்படி ஏறுவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. குரு செண்பகத்திடம் ஏதோ சொன்னார். காய்ச்சி ஆறவைத்த பால் வந்தது. மூன்று வீடுகளிலிருந்து உறைமோரும் வந்தது.

"நல்ல உறையாப் பார்த்து ஊத்துங்க. சாயங்காலம் எனக்குத் தயிர் வேணும்."

சிகாமணி மூன்றையும் மோந்து பார்த்தார், நக்கிப் பார்த்தார். ஒன்றை, "இது வெறும் தண்ணி," என்று தள்ளினார். மற்ற இரண்டையும் இரண்டு கிண்ணப் பாலில் ஊற்றி மூடினார்.

கால் மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. திறந்தார், சாய்த்தார், கரண்டி விட்டார். வெயிலில் வைத்தார். அடுப்போரம் மாற்றினார். மதியத்துக்கு மேல், இதற்கு அதிலிருந்து ஒரு கரண்டி, அதற்கு இதிலிருந்து ஒரு கரண்டி. உண்ணவும் இல்லை, உட்காரவும் இல்லை.

சாயங்காலம் இரண்டு கிண்ணத்திலும் தண்ணீர் பிரிந்து, திரிதிரியாக மிதந்தது.

செண்பகம் மூன்றாவதாக ஒரு கிண்ணம் கொண்டுவந்து சாய்த்துக் காட்டினாள். தயிர் அசையவில்லை.

"எந்த வீட்டு உறை இது?" என்று பதறினார்.

"நீங்க வேண்டாம்னு தள்ளினதுதான் ஐயா. மிச்சப் பால்ல விட்டு அலமாரி மேல வச்சேன். வேலையில மறந்தே போயிட்டேன்."

சிகாமணி தானும் ஒருமுறை கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கை தானாக டப்பாக்களிடம் போனது.

"அப்போ இதுல எதைம்மா?"

குரு கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுதான் நல்லதா?"

"தெரியாது ஐயா."

"ஒரு மாசம் சாப்பிடணுமே. உள்ள வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"பொண்ணுக்கு எத்தனை மாசம்?"

"ஏழு."

"இந்த ஏழு மாசமும் உள்ள ஒரு உயிர் வளருதே," என்றார் குரு. "தினமும் யார் திறந்து பார்த்தாங்க?"