ஓட்டை போடப் படிச்ச காடு

ஒரு குளத்தங்கரைக் காட்டுல பொந்துக்குப் பெரிய தட்டுப்பாடு. கிளிக்கு வீடு வேணும், ஆந்தைக்கு வீடு வேணும், அணிலுக்கு மாடி வீடே வேணும்! பொந்து போட இருந்தது ஒரே ஒரு மரங்கொத்தி. அது வாசல்ல எப்பவும் கூட்டம், கையில பழத்தோட, கும்பிடு போட்டுக்கிட்டு.

இதைப் பாத்துச்சு நரி நல்லசிவம். "காட்டுக்கு இன்னும் ஆயிரம் மரங்கொத்தி தேவை! பொந்துக் கல்லூரியில சேருங்க!"ன்னு போர்டு மாட்டிருச்சு.

காடே கிளம்பிருச்சு. வாத்து சேந்துச்சு. நண்டு சேந்துச்சு. அலகே இல்லாத தவளை மரகதமும் சேந்துச்சு. "நரியண்ணே, எம்புள்ளைங்க இன்னும் தலைப்பிரட்டைங்கதான். அதுங்களுக்கும் இப்பவே சீட்டு போட்டு வைங்க!"

குளத்துக்கரையைப் பூசுற மண்குளவிங்களும் சேத்தைப் போட்டுட்டு ஓடிருச்சுங்க. நுழைவுத் தேர்வுல கோட்டைவிட்டது முனியன் குளவி மட்டும்.

"டேய் முனியா, இன்னும் சேறுதானாடா?"ன்னு கேட்டுச்சு வாத்து.

"ஆமாண்ணே! மரத்தைக் கொத்தி உங்க மூக்கு கோணிருச்சே, கொஞ்சம் பூசிவிடவா?"

மூணே வருசம். நானூறு பேர் கையில பட்டம். மரத்துல இலையைவிடப் பொந்து அதிகம். கிளிக்கே ஏழு வீடு! வேலை கேட்டுப் போனா, "அய்யா சாமி, இதுல ரெண்டு பொந்தை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க!"ன்னு அது கெஞ்சுச்சு.

அப்ப பெஞ்சது பாருங்க ஒரு மழை! குளத்துக்கரையில பெரிய ஓட்டை. தண்ணி குபுகுபுன்னு வெளிய ஓடுது.

"அய்யய்யோ! இந்த வருசம் பொரிச்ச எம்புள்ளைங்க அடிச்சுக்கிட்டுப் போகுதுங்களே!" மரகதம் அலறிச்சு.

நானூறு பட்டதாரியும் ஓடி வந்துச்சுங்க. "சொல்லுக்கா, எங்க ஓட்டை போடணும்?"

"போட வேணாம்டா பாவிகளா, அடைக்கணும்!"

"அடைக்கணுமா? அது பாடத்துலயே இல்லையே!"

பழைய குளவிங்க சேத்தைத் தொட்டுப் பாத்துச்சுங்க. பிசையவே மறந்துபோச்சு!

முனியன் பறந்து வந்துச்சு. "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க! வாத்தண்ணே, களிமண்ணை அள்ளு! நண்டு மாமா, நீ போய் ஓட்டையில உக்காரு!"

நண்டு உக்காந்துச்சு. வாத்து அள்ளுச்சு. முனியன் அதும்மேல பூசுச்சு. பாதித் தண்ணி போச்சு, புள்ளைங்க தப்பிச்சுதுங்க.

மறுநாள் காலையில நரி புது போர்டு மாட்டுச்சு: "அடைப்புக் கல்லூரி! இன்னும் ஆயிரம் குளவி தேவை!"

அதே நானூறும் வரிசையில! முதல் ஆளு யாருங்கிறீங்க? தலைப்பிரட்டைங்களுக்குச் சீட்டு கேட்டு, நம்ம மரகதம்!

முனியன் வாயில கவ்வியிருந்த மண்ணு பொத்துன்னு கீழ விழுந்துருச்சு.

இன்னைக்கு எதுக்குக் கிராக்கின்னு பாத்து ஊரே ஒரே பக்கம் ஓடினா, நாளைக்கு உசுரு போற வேலைக்கு ஒரு ஆளு கிடைக்காது.